மூட்டு மாற்றமும் மனத் தேற்றமும்

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவராலேயே நிறைவேறும் செயல் அன்று. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து தொண்டு செய்பவர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தவிடத்துத்தான் அது முற்றுப்பெறும் என்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்து. இந்நான்கனுள்ளும் நோயுற்றவரையே ஆசிரியர் முதற்கண் வைத்தார். வகுப்பறையில் இக்குறளுக்குப் பொருள் கூறும்போது அவ்வைப்புமுறையின் நுட்பத்தை மாணவர்க்குப் பன்முறை எடுத்துக் காட்டியிருக்கிறோம். எனினும், அதன் முழு உண்மையும் நூலை விரித்து வைத்திருக்கும்போது விளங்குவதில்லை; வீட்டில் முதியவர் ஒருவர் கட்டிலில் கிடக்கும்போதே விளங்குகிறது.

இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை இக்கருத்துக்கு மிகப் பொருத்தமான சான்று. ஏனைய சத்திரசிகிச்சைகள் பலவற்றில் நோயாளி மயங்கிக் கிடக்க, மருத்துவரே பெரும்பகுதி வேலையையும் முடித்துவிடுகிறார். இங்கோ மருத்துவர் வேலையை முடித்த மறுநாளே நோயாளியின் வேலை தொடங்குகிறது. புதிய மூட்டைப் பொருத்துவது மருத்துவர் கடன். அம்மூட்டைக் கொண்டு நடப்பது நோயாளி கடன். நடப்பதற்குக் கால் மட்டும் போதாது, மனமும் வேண்டும். அம்மனத்தைத் தளரச் செய்வன யாவை, தேறச் செய்வன யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளா எனச் சிலர் வினவக்கூடும். இம்மலரை விரிக்கும் பழைய மாணவருட் பலர் அறுபதைக் கடந்தவர்கள். ஒருகாலத்தில் கல்லூரி மைதானத்தில் ஓடிய கால்கள் இன்று படியேறத் தயங்குகின்றன. இளைய மாணவர்க்கோ வீட்டில் பாட்டனும் பாட்டியும் உளர். 2012-ம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவர் அறுபது வயதினர் அல்லது அதற்கு மேற்பட்டோர். ஆகவே இது நம் எல்லார் வீட்டுக்கும் உரிய பாடம்.

மூட்டும் அதன் மாற்றமும்

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் பொருந்தி அமைவதால் இதனைப் பந்துக்கிண்ண மூட்டு என்பர். வழவழப்பான கசியிழையம் இவ்விரண்டையும் போர்த்திருப்பதால் எலும்போடு எலும்பு உராய்வதில்லை. முதுமையால் அப்போர்வை தேய்ந்தாலும், முடக்குவாதத்தால் அரிக்கப்பட்டாலும், விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்தாலும் மூட்டு தன் தொழிலை இழக்கும். அந்நிலையில் சிதைந்த பகுதியை நீக்கி, உலோகத் தண்டும் பந்தும் செயற்கைக் கிண்ணமும் பொருத்துகின்றனர்.

1938-ம் ஆண்டில் இலண்டனில் பிலிப் வைல்ஸ் என்பவர் இத்தகைய மாற்றத்தை முயன்றார். அதனை உலகெங்கும் பரவத்தக்க முறையாக்கியவர் இங்கிலாந்தின் சேர் ஜோன் சார்ன்லி ஆவார். முதலில் அவர் டெஃப்லோன் என்னும் பொருளாற் கிண்ணம் செய்தார். சில ஆண்டுகளுள் அது தேய்ந்து போகவே, பலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. அப்பொருளின் துகள்களை உடல் எவ்வாறு ஏற்கிறது என அறியத் தம் தொடையிலேயே அவற்றைச் செலுத்திப் பார்த்தார் அவர். 1962-ம் ஆண்டு நவம்பரில் பொலியெத்திலீன் கிண்ணத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே வெற்றி நிலைத்தது. 2007-ம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று இதனை நூற்றாண்டின் சத்திரசிகிச்சை எனத் தலைப்பிட்டே போற்றியது.

இத்துணைச் சிறந்த சிகிச்சை எல்லாருக்கும் ஒரே பயனைத் தருகிறதா? இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2012-ம் ஆண்டில் வெளியிடப்பட்ட அறிக்கை ஒன்று, இடுப்பு மூட்டு மாற்றம் பெற்றோருள் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை நெடுநாட் சென்றும் நோவு உடையோராய் இருந்தனர் எனக் காட்டியது. ஒரே வயதினர் இருவர், ஒரே வைத்தியசாலை, ஒரே வகை மூட்டு. ஒருவர் ஆறு கிழமையிற் கைத்தடியோடு கோயில் வீதியை வலம் வருகிறார். மற்றவர் மூன்று மாதம் கழித்தும் கட்டிலை விட்டு எழ அஞ்சுகிறார். தசையின் வலிமை, நீரிழிவு போன்ற பிறநோய், மறுகாலின் நிலை ஆகிய உடற்காரணங்கள் இவ்வேறுபாட்டிற் பெரும்பங்கு கொள்வன. எஞ்சிய பங்கில் ஒரு பகுதி மனத்தினுடையது.

அச்சம் என்னும் முதற்பகை

மனத்தடைகளுள் முதன்மையானது அச்சம். இவ்வச்சம் மூவகைப்படும்.

முதலாவது, விழுந்துவிடுவோம் என்னும் அச்சம். விழுந்து எலும்பு முறிந்தமையாலேயே சிகிச்சை பெற்றவர்க்கு இது மிகுதி. குளியலறையின் ஈரத்தரையைக் கண்டாலே அவர் உடல் விறைக்கிறது. அஞ்சுபவர் நடையைக் குறைக்கிறார். நடை குறையத் தசை மெலிகிறது. தசை மெலியக் கால் தடுமாறுகிறது. தடுமாறுங்கால் உண்மையிலேயே விழுகிறார். விழாதிருக்க வேண்டும் என்று படுத்தவரை அப்படுக்கையே விழச்செய்கிறது. அமெரிக்க மருத்துவர் மேரி ரினெற்றியும் அவரோடு ஆராய்ந்தோரும் 1990-ம் ஆண்டில் இவ்வச்சத்தை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். அது முதியவரை நோக்கி, நீ விழுந்தாயா என்று வினவுவதில்லை. குளித்தல், உடுத்தல், வீட்டினுள் நடத்தல் போன்ற பத்துச் செயல்களையும் விழாமற் செய்யலாம் என எவ்வளவு நம்புகிறாய் என்றே வினவுகிறது. அச்சத்தை அளக்கப் புகுந்தவர்கள் நம்பிக்கையை அளந்தது கருதத்தக்கது.

இரண்டாவது, நோவைப்பற்றிய அச்சம். நோவு உடலில் தோன்றினும் அதன் அளவை மனமும் நிருணயிக்கிறது. நோவைப் பேருருவாக்கிக் காணும் மனப்போக்கை ஆராய்ந்த கனடா நாட்டு உளவியலாளர் மைக்கல் சலிவன் 1995-ம் ஆண்டில் அதனை மூன்று கூறாக வகுத்தார். நோவையே ஓயாது எண்ணுதல் ஒன்று. அதனாற் பெருங்கேடு விளையும் எனப் பெருக்கிக் கொள்ளுதல் ஒன்று. என்னாற் செய்யத்தக்கது யாதுமில்லை எனக் கைசோர்தல் ஒன்று. இம்மூன்றும் மிக்கவர் பயிற்சியின்போது காலை அசைக்கவே மறுக்கிறார். அவருக்கு உணர்த்த வேண்டிய உண்மை ஒன்றுண்டு: பயிற்சியில் தோன்றும் இழுவையும் நோவும் யாவும் கேட்டின் அறிகுறி அல்ல. நெடுநாள் உறங்கிய தசை விழிக்கும்போது முனகுகிறது. அம்முனகலை மூட்டின் அழுகை என மயங்கலாகாது.

மூன்றாவது, மூட்டு கழன்றுவிடும், உடைந்துவிடும் என்னும் அச்சம். தொடக்க நாட்களில் மூட்டு நழுவக்கூடும் என்பது மெய்யே. ஆதலாற்றான் பலருக்கு மருத்துவர்கள் சில கிழமைகள் வரை இடுப்பை மிக மடித்துக் குனிதலும் கால்மேற் கால் போடுதலும் கூடாது என்கின்றனர். அவ்விதி இன்னின்ன அசைவுகளையே விலக்குகிறது; நடையை விலக்கவில்லை. மூட்டின் ஆயுளைப்பற்றி ஐயுறுவோர் பின்வரும் செய்தியை அறிதல் நன்று. அவுஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, இத்தகைய மூட்டுக்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பதினைந்து ஆண்டுகளும், ஏறத்தாழ 58 இருபத்தைந்து ஆண்டுகளும் நிலைத்தன. முதுமையே தடை என எண்ணுவோர் பிரித்தானிய இராசமாதா எலிசபெத்தை நினைக்கலாம். 1995-ம் ஆண்டில் 95-வது வயதில் ஒரு பக்க மூட்டும், 1998-ல் 97-வது வயதில் மறுபக்க மூட்டும் மாற்றப்பெற்று, 2002-ம் ஆண்டுவரை அவர் வாழ்ந்தார்.

நம்பிக்கை பிறக்கும் வழிகள்

அச்சத்தை நீக்க, 'அஞ்சாதே' என்று சொன்னாற் போதுமா? கணக்கிற் பின்தங்கிய மாணவனை நோக்கி 'கணக்கு எளிது' என்று சொன்ன மாத்திரத்தில் அவன் தேர்ச்சி பெறுவதில்லை என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். உளவியலறிஞர் அல்பேட் பண்டூரா 1977-ம் ஆண்டில் ஒருவர்க்குத் தம் ஆற்றலில் நம்பிக்கை பிறக்கும் வழிகள் நான்கு என வரையறுத்தார். அவை வகுப்பறைக்குப் பொருந்துவதுபோலவே நோயாளியின் அறைக்கும் பொருந்தும்.

தாமே செய்து வெற்றி காணுதல் முதல் வழி. நான்கனுள்ளும் வலியது இதுவே. இன்று கட்டிலிலிருந்து கதிரை வரை, நாளை கதவு வரை, மறுநாள் முன்விறாந்தை வரை எனச் சிறு எல்லைகளை வகுத்து ஒவ்வொன்றையும் எட்டச் செய்தல் வேண்டும். நாட்காட்டியில் அன்றன்று நடந்த தூரத்தைக் குறித்து வைத்தால், நேற்றைய தம்மை இன்றைய தாம் வென்றதை அவரே காண்பார்.

தம்மைப் போன்ற பிறர் வென்றதைக் காணுதல் இரண்டாம் வழி. இதே சிகிச்சை பெற்று நன்கு நடக்கும் ஒருவர் வந்து, முன்னும் பின்னும் நடந்து காட்டி அரைமணி நேரம் அளவளாவினால், அது பத்து அறிவுரைக்கு மேலாம்.

நம்பத்தக்கவர் கூறும் ஊக்கமொழி மூன்றாம் வழி. 'நீங்கள் விரைவிற் சுகமாவீர்கள்' என்னும் பொதுமொழியிற் பயன் குறைவு. 'நேற்று இருமுறை நின்று மூச்சு வாங்கினீர்கள். இன்று ஒருமுறைதான் நின்றீர்கள்' என்று கண்டதைச் சொல்லும் சொல்லே மனத்திற் பதியும்.

உடற்குறிகளைச் சரியாகப் பொருள்கொள்ளுதல் நான்காம் வழி. எழுந்தவுடன் தலைசுற்றலும் நெஞ்சுத் துடிப்பும் தோன்றினால், அவற்றின் காரணத்தை மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டுத் தெளிதல் வேண்டும். காரணம் அறிந்த உடற்குறி மனத்தைக் கலக்குவதில்லை.

எதிர்பார்ப்பின் இரு முனை

மிகையான எதிர்பார்ப்பும் குறைவான எதிர்பார்ப்பும் ஒருங்கே தீங்கு செய்வன. இருபது வயதின் கால் திரும்பும் என எண்ணியவர் ஒரு மாதத்தில் ஏமாற்றம் அடைகிறார். இனி நான் முடவனே என எண்ணியவர் முயற்சியையே தொடங்குவதில்லை. பெரும்பாலார்க்கு நோவு விரைந்து குறையினும் நடையும் வலிமையும் நிரம்பச் சில மாதங்கள் செல்லும். சிலர்க்கு ஓராண்டும் ஆகும். இதனை முன்னரே அறிந்தவர் மூன்றாம் கிழமையிற் சோர்வதில்லை.

நம்மவர்க்கு இவ்விடத்திற் சிறப்பான சிக்கல் ஒன்றுண்டு. மேனாட்டு முதியவர் கதிரையில் இருந்தே உண்டு, வழிபட்டு, வாழ்ந்து பழகியவர். நம் முதியோரோ பந்தியிற் சம்மணமிட்டு உண்டவர்கள். சந்நிதியில் நிலமுற விழுந்து வணங்கியவர்கள். குந்தியிருக்கும் மலசலகூடத்திற்கே பழகியவர்கள். கதிரையிலிரு, உயர்ந்த கொமேட்டைப் பயன்படுத்து, குனியாதே என்று மருத்துவர் கூறும்போது அவர்கள் செவியில் விழுவது வேறு. நான் இனிப் பந்திக்கு உரியவன் அல்லன், இறைவன் திருமுன் விழவும் தகுதியற்றவன் என்றே அவர்கள் கேட்கிறார்கள். அதனால் எழும் வருத்தத்தை அவர்கள் வெளியிற் சொல்வதுமில்லை. கலியாணவீட்டுக்கு வரமாட்டேன், கோயிலுக்கு வரமாட்டேன் என மறுக்கத் தொடங்குவர். வீட்டார் அதனைக் காலின் நோவு எனக் கருதுவர். உண்மையில் அது மானத்தின் நோவு. கைத்தடியை மறுத்து, 'ஊரார் என்ன சொல்வார்கள்' என வீட்டினுள் அடங்கிக்கொள்ளும் ஆண்மக்களின் நிலையும் இத்தன்மையதே. பந்தியில் அவருக்குக் கதிரையிட்டு, அவரோடு வேறு இருவரும் கதிரையில் அமர்ந்து உண்டால் அந்நோவு பாதி தீரும். நின்று கைகூப்பிய வணக்கத்தை இறைவன் குறைத்து மதிப்பதில்லை என எடுத்துரைக்கக் கோயில் அர்ச்சகரினும் ஏற்றவர் இல்லை.

விதியின் மேற் பழி போட்டு முயற்சியைக் கைவிடுதலும் நம்மிடையே உண்டு. ஏழரைச் சனி நீங்கியபின் நடப்பேன் என்று இருந்தால், சனி நீங்குமுன் தசை நீங்கிவிடும். நேர்த்திக்கடன் வைத்து வணங்குதலை வேண்டாம் என்பாரில்லை. நேர்ந்த கடனைச் செலுத்தத் தாமே நடந்து போதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

சோர்வும் மயக்கமும்

அச்சத்தின் வேறானது மனச்சோர்வு. உணவில் விருப்பின்மை, உறக்கமின்மை, எதிலும் மனம் பற்றாமை, 'நான் எல்லார்க்கும் பாரம்' என்னும் சொல் ஆகியன நாட்கணக்கில் நீடித்தால் அதனைச் சோம்பல் எனக் கடிந்துகொள்ளலாகாது. அது மருத்துவம் வேண்டும் நோய். சத்திரசிகிச்சைக்கு முன்னரே மனச்சோர்வு உடையோர் பின்னர் நோவு மிக்கவராயும் பயன் குறைந்தவராயும் காணப்படுதலை ஆய்வுகள் பல எடுத்துக் காட்டியுள்ளன. உளமருத்துவரிடம் செல்லுதல் பைத்தியக்காரர்க்கே உரியது என்னும் பழைய கூச்சம் நம்மவரை இன்னும் விட்டபாடில்லை. இடுப்பை ஒரு மருத்துவரிடம் காட்ட நாணாத நாம், மனத்தை ஒரு மருத்துவரிடம் காட்ட ஏன் நாணவேண்டும்?

இன்னுமொன்று, சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில நாட்களில் முதியோர் சிலர்க்கு நேரும் அறிவு மயக்கம். பகலில் தெளிந்தவர்போல் இருந்தவர் இரவில் இறந்துபோன தம் தமையனை அழைப்பார். வைத்தியசாலையைத் தம் ஊர் வீடென்பார். ஊசிக் குழாயைப் பிடுங்குவார். வீட்டார் மூளை கலங்கிவிட்டதென நடுங்குவர். நோய்த்தொற்று, நீர்க்குறைவு, மருந்து, உறக்கக் கேடு, நோவு ஆகிய காரணங்களால் எழும் இம்மயக்கம் பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். எனினும் மருத்துவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறவாது கொண்டுபோய்க் கொடுத்தல், பழகிய முகம் ஒன்று அருகிருத்தல், நாளும் இடமும் இன்னதெனத் தம்மொழியில் அமைதியாக நினைவூட்டல் ஆகியன பெரிதும் உதவும்.

மருத்துவரின் சொல்

மருந்தின்றிச் சொல்லே நோவைக் குறைக்கும் என்பதற்கு 1964-ம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று சான்று. அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் லோறன்ஸ் எக்பேட் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் வயிற்றுச் சத்திரசிகிச்சை பெறவிருந்த 97 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு, எங்கே நோகும், எவ்வளவு நோகும், எத்தனை நாள் நோகும், எவ்வாறு உடலைத் தளர்த்தி அதனைத் தணிக்கலாம் என்பவற்றை முன்னரே விளக்கினர். மறுபிரிவினர்க்கு அவ்விளக்கம் இல்லை. விளக்கம் பெற்றோர்க்குத் தேவைப்பட்ட நோவுமருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினர். மூட்டு மாற்றத்திற்கு முன் அளிக்கும் பாடங்களை ஆராய்ந்த 2014-ம் ஆண்டுக் கொக்றேன் அறிக்கை இத்துணை உறுதி கூறவில்லை. எல்லார்க்கும் ஒரேவகைப் பாடம் நடத்துவதால் தெளிவான மேலதிகப் பயனைக் காண முடியவில்லை என்றும், அச்சமும் சோர்வும் மிகை எதிர்பார்ப்பும் உடையார்க்கு அவரவர் தேவையறிந்து கற்பித்தால் உதவக்கூடும் என்றும் அது கூறியது. மாணவர் தரமறிந்து கற்பித்தல் என்னும் நம் தொழிலின் முதல் விதியும் அஃதன்றோ!

சொல் பயன்தர வேண்டுமாயின் அது கேட்பவர் மொழியில் அமைதல் வேண்டும். 1847-ம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இதனை நன்குணர்ந்தவர். உடற்கூற்று நூலும் சத்திரசிகிச்சை நூலும் உள்ளிட்ட மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும், தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றியும் அவர் வழிகாட்டினார். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் 1987-ம் ஆண்டிலேயே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் தலைநகரில் வாழும் தமிழ் முதியவர் ஒருவர் தம் இடுப்பைப்பற்றிய விளக்கத்தைப் பிறமொழியிற் கேட்டுத் தலையசைத்து வருவதும் உண்டு. உடன் செல்லும் மகன் மொழிபெயர்க்கிறான். தந்தை அஞ்சுவாரென்று பாதியை மறைக்கிறான். 'சின்ன ஒப்பரேசன் தான் அப்பா' என்கிறான். மறுநாள் நீண்ட தையலையும் கடும் நோவையும் கண்ட தந்தை, ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென்றே முடிவு கட்டுகிறார். அன்பாற் சொன்ன பொய் அச்சமாய்த் திரும்புகிறது. எனவே உடன் செல்வோர் சொன்னதைச் சொன்னவாறே, ஒன்றும் விடாது, எளிய தமிழிற் சொல்லுதல் வேண்டும். பயிற்சிகளைத் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுதல் வேண்டும். இவ்வேலையை உயர்வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டனுக்காகச் செய்வானாயின், அவன் கற்ற தமிழ் பயன்பெற்றதாகும்.

அருகிருப்போர் அன்பு

நாற்கூற்றுள் இறுதியாக நின்ற அருகிருப்போரே நம் சமுதாயத்தின் பெருஞ்செல்வம். ஒருவகையில் நம் பெருந்தடையும் அவர்களே. முதியவர் எழ முயன்றால் நால்வர் ஓடிவருகின்றனர். தண்ணீர்க் கோப்பை கைக்கு வருகிறது. உணவு கட்டிலுக்கு வருகிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் நாள்தோறும் தொலைபேசியில் 'அப்பா, எழும்பாதேயுங்கோ. படுத்திருங்கோ' என்று மன்றாடுகின்றனர். அருகிருந்து செய்ய இயலாத தொண்டுக்கு அவர்கள் தரும் ஈடு அவ்வொரு சொல்லே. அதன் அன்பை ஐயுறுவாரில்லை. ஆயினும் நாளும் நூறுமுறை 'உன்னால் முடியாது' என்பதையே அவ்வன்பு கற்பிக்கிறது. பிள்ளை நடைபழகும்போது விழுந்தாலும் நடக்கவிட்ட தாயை, அவள் முதுமையில் நடக்கவிடாது தடுக்கிறோம். மேனாட்டில் ஹென்றிக் கெலெற் என்னும் டென்மார்க்கு மருத்துவர் 1990-களில் முன்னின்று வளர்த்த விரைமீட்பு முறையின்படி, சத்திரசிகிச்சை முடிந்த அன்றே நோயாளியை எழுப்பி நடத்துகின்றனர். நாமோ மாதங்கழித்தும் படுக்க வைக்கிறோம்.

ஜிந்துப்பிட்டியில் யாமறிந்த மூதாட்டி ஒருவரின் நிலை இதற்கு எடுத்துக்காட்டு. ஒடுங்கிய ஒழுங்கையிலே மாடி வீடு. கீழே இறங்க 16 படிகள். இடுப்பு முறிந்து மூட்டு மாற்றப்பெற்ற அவர், மூட்டு நன்கு பொருந்தியதென மருத்துவர் கூறியபின்னும் நான்கு மாதம் மாடியை விட்டு இறங்கவில்லை. பிள்ளைகளும் மருமக்களும் அவரை ஒரு குறையுமின்றிக் காத்தனர், எழவிடாமலும் காத்தனர். ஆடிமாதம் வந்தது. செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் புறப்படும் நாளில், இளமை முதல் ஆண்டுதோறும் தெருவில் நின்று தரிசித்த அவர், இம்முறை தம்மைத் தூக்கிச் செல்ல வேண்டாம், தாமே இறங்குவேன் என்றார். வீட்டார் அஞ்சினர். இயன்மருத்துவர் ஒருவர் மூன்று கிழமைக்கு முன்னரே வந்து, ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முன்னே என்னும் விதியைக் கற்பித்தார். முதல்நாள் இரண்டு படி. அடுத்த கிழமை எட்டுப் படி. திருவிழாவன்று அவர் ஒருகையாற் பிடிச்சுவரையும் மறுகையாற் கைத்தடியையும் பற்றி 16 படியும் இறங்கினார். பேரன் அவரைத் தொடாமல் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தான். அருகிருந்து தொண்டு செய்தல் என்பது யாதென அப்பேரனைக் கண்டே யாம் அறிந்தோம். விழுந்தாற் பிடிக்கும் அண்மையிலும், நடந்தாற் தடுக்காத சேய்மையிலும் நிற்பதே அது.

தனிமையும் ஒரு தடையே. அறையின் மூலையிற் சுவரைப் பார்த்துக் கிடப்பவர் தம் நோவையன்றி வேறெதனை எண்ணுவார்? அமெரிக்காவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்த றொஜர் உல்றிச், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டிருந்த 23 பேர், செங்கற் சுவரைக் கண்டிருந்த 23 பேரினும் குறைந்த நோவுமருந்தோடு சற்று முன்னதாகவே வீடு திரும்பியதை 1984-ம் ஆண்டில் வெளியிட்டார். கொழும்பு ஒழுங்கைகளில் மரம் அரிது, மனிதர் அரிதல்லர். கட்டிலைத் தெருப்பக்கச் சாளரத்தருகே இடுதலுக்குக் காசு வேண்டுவதில்லை.

எல்லை அறிதல்

இத்துணையும் கூறியதனால், மீளாமைக்கு மனமே காரணம் என எவரும் நோயாளியைக் குறைகூறலாகாது. கெண்டைக்கால் வீங்கி நோதல், திடீரென மூச்சுத் திணறல், காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிதல், கால் சட்டென்று குறுகியோ திரும்பியோ ஊன்ற முடியாதாதல் ஆகியவற்றுள் யாதொன்று தோன்றினும் அது மனத்தின் வேலையன்று. தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழுக்கும் தரையும் மங்கிய விளக்கும் தட்டுப்படும் கம்பளமும் உள்ள வீட்டில் அஞ்சி நடப்பவர் கோழையல்லர், அறிவுடையவர். முதலில் குளியலறையிற் கைப்பிடியைப் பொருத்துக; பின்னர் தைரியத்தைப் போதிக்க.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். அச்சம், மிகையும் குறையுமான எதிர்பார்ப்பு, மானவுணர்ச்சி, மனச்சோர்வு, விளங்காத சொல், எழவிடாத அன்பு, தனிமை ஆகியன புதிய மூட்டைப் பழைய முடமாக்குவன. சிறு வெற்றிகள், தம்மைப் போன்றார் துணை, மறைக்காத விளக்கம், வேண்டியவிடத்து உளமருத்துவம், தடுக்காத தொண்டு ஆகியன அதனை நடையாக்குவன. முன்னையவற்றை நீக்குதலும் பின்னையவற்றை ஆக்குதலும் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளன.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் இன்று கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மாறிய இடுப்போடும் மாறாத அச்சத்தோடும் கிடக்கக்கூடும். நீங்கள் வருத்தம் பார்க்கச் செல்லும்போது, தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டுசெல்வது வழக்கம். இன்னார்க்கு இதே சிகிச்சை பிழைத்த கதையையும் சேர்த்துக் கொண்டுசெல்வதும் வழக்கம். பழத்தைக் கொடுங்கள், கதையை விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் இருந்து, 'வா, முன்வாசல் மட்டும் போய் வருவோம்' என்று எழுப்புங்கள். அவர் வேகத்திற்கு உங்கள் வேகத்தைக் குறைத்து, பழைய ஆசிரியர்களைப்பற்றிப் பேசிக்கொண்டே நடவுங்கள். அடுத்த கிழமையும் அதே நேரத்திற்குப் போங்கள். அவர் உடுப்பை மாற்றிக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்பார்.